ஓவர் கொடுக்கப்படாத வீடு: ஒரு செவிலியர் குடும்பத்தைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

செவிலியர் படிப்பில் ஒவ்வொரு மாணவியும் நோயாளி ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய வரலாறு, அவர் சொன்ன குறை, நாம் கவனித்தவை, செய்த பராமரிப்பு, கண்ட மாற்றம் என்ற வரிசையில் ஓர் ஆய்வு எழுதித் தர வேண்டும். நான் அன்று எழுதியவை இப்போது என்னிடம் இல்லை. அந்த வரிசை மட்டும் மனத்தில் நிற்கிறது. இந்த முறை அதே வரிசையில் என் வீட்டை எழுத முயன்றிருக்கிறேன். எழுதுபவளும் ஆய்வுக்கு உள்ளானவளும் நானே என்பதால் இதில் சாய்வு இருக்கத்தான் செய்யும். அதைக் குறைப்பதற்காக என் கணவரிடமும் அத்தையிடமும் இதை வாசித்துக் காட்டி, அவர்கள் மறுத்த இடங்களைத் திருத்தியிருக்கிறேன்.

குடும்ப வரலாறு

நாங்கள் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்கு அருகில் வசிக்கிறோம். நான் ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் மருத்துவப் பிரிவில் செவிலியர். கணவர் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மேற்பார்வையாளர். மூத்தவள் 2013-இல் பிறந்தவள், இளையவன் 2018-இல் பிறந்தவன். கணவரின் தாயார், அதாவது என் அத்தை, எங்களோடுதான் இருக்கிறார். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர், காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

இரண்டு வேலைகளின் தன்மையையும் சொல்லாமல் இந்த வீட்டின் நாளை விளக்க முடியாது. எனக்குக் காலை 7 முதல் பகல் 1 வரை, பகல் 1 முதல் இரவு 7 வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை என்று பணிநேரம் மாறி மாறி வரும். கணவருக்கு ஆண்டின் முற்பாதி ஓரளவு சீராகப் போகும். ஆடி கழிந்துவிட்டால் நாட்காட்டி, நாட்குறிப்பு வேலை தொடங்கிவிடும். டிசம்பர் முடியும்வரை அச்சு எந்திரம் நிற்காது. அவர் வீடு திரும்பும் நேரத்தை அவராலேயே சொல்ல முடியாது. ஆகவே ஆண்டில் நான்கைந்து மாதங்கள் இந்த வீட்டில் என் இரவுப் பணியும் அவருடைய சீசனும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

நிகழ்ந்தது

2024 நவம்பரில் ஒரு நாள் இரவுப் பணி முடித்து காலை 7.35-க்கு வீடு வந்தேன். கணவர் அதற்குள் அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார். பள்ளி வேன் 8.20-க்கு வரும். அடுப்பில் இட்லியை ஏற்றிவிட்டு, வழக்கம்போல் அத்தைக்கு 20 யூனிட் இன்சுலின் போட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு கொடுத்து, பிள்ளைகளை வேனில் ஏற்றி, 9 மணிக்குப் படுத்தேன். 10.30 வாக்கில் டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டு எழுந்தபோது அத்தை வியர்த்து நனைந்து, பேச்சுக் குழறி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளுக்கோமீட்டரில் 46 காட்டியது. நினைவு இருந்ததால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன்: 61. மறுபடியும் கொடுத்தேன்: 78. இட்லி சாப்பிட்டவருக்கு ஏன் இவ்வளவு இறங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கணவருக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது: நான் களைத்து வருவேன், ஒரு வேலையாவது குறையட்டும் என்று, காலை 7.10-க்கு அவரே அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தை போட்டுக்கொள்வது 30/70 கலவை இன்சுலின்: விரைவாக வேலை செய்வது 30 பங்கும், மெதுவாக வேலை செய்வது 70 பங்கும் கலந்தது. அதன் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடாது. பல மணி நேரம் நீடிக்கும். வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளிக்கும் விஷயமாக அது இல்லை என்பதால் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இரவு வரை குளுக்கோஸ் ஏற்றி, மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்தார்கள். நலமாகத் திரும்பினார். "ரெண்டாந்தடவை போடுறப்ப ஏன் அத்தை சொல்லல?" என்று கேட்டேன். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும் தாயி. அவன் போட்டது பத்தாதாக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அந்தப் பதில் என்னை இன்றும் உறுத்துகிறது. வார்டில் நாற்பது நோயாளிகள் இருந்தாலும் இந்தப் பிழை நடந்திருக்காது. ஊசி போட்டவர் நேரமும் அளவும் எழுதிக் கையெழுத்திடாமல் அடுத்த நோயாளியிடம் போகமாட்டார். பணி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் கட்டில் கட்டிலாக நடப்போம்: இவருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு, ட்ரிப் எவ்வளவு மீதம், எந்தப் பரிசோதனை முடிவு வரவேண்டும், யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, சாவியையும் மருந்துக் கணக்கையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவோம். ஓவர் கொடுப்பது, ஓவர் எடுப்பது என்று எங்கள் பேச்சில் சொல்வோம். ஓவர் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் அந்த நாற்பது பேரும் அடுத்த பணிநேரம் வரை என் பொறுப்பு இல்லை. அதனால்தான் ஒரு செவிலியரால் முப்பது ஆண்டுகள் இந்த வேலையைச் செய்ய முடிகிறது. வீட்டில் நான் யாருக்கும் ஓவர் கொடுத்ததே இல்லை. என் கணவர் அன்று செய்தது அன்பினால் செய்த உதவி. ஆனால் வேலை மட்டும்தான் கை மாறியது. வேலையைப் பற்றிய தகவல் மாறவில்லை.

கவனித்தவை

டிசம்பரில் 14 நாள்களுக்கு ஒரு நோட்டில் நேரக்கணக்கு எழுதினேன். இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இலும் 2024-இலும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில் ஒரு நாளை அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரைமணிக் கூறுகளாகப் பிரித்துக் கேட்பார்கள். அந்த முறையையே பின்பற்றினேன். இரவுப் பணிக்காரிக்கு நள்ளிரவில் நாளை முடிக்கும் கணக்கைவிட அதிகாலை 4 மணிக் கணக்கு பொருந்தவே செய்கிறது.

2019 ஆய்வில், வீட்டார்க்காகச் சம்பளமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. 2024-இல் அது 289, 88 என்று ஆனது. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருப்பதால் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. இவை ஈடுபட்டவர்களின் சராசரி மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது: 2019 ஆய்வின்படி பெண்களில் 81.2 விழுக்காட்டினரும் ஆண்களில் 26.1 விழுக்காட்டினரும்தான் அன்றைய நாளில் இவ்வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள். என் நோட்டில் பணிநாள்களின் சராசரி எனக்கு 270 நிமிடம், கணவருக்கு 40 நிமிடம். அது அச்சகத்தின் சீசன் மாதம் என்பதை அவர் குறிப்பிடச் சொன்னார், நியாயமான திருத்தம்.

ஆனால் அந்த அரைமணிக் கட்டங்களுக்குள் அகப்படாத ஒன்று இருந்தது. ஐந்தாம் நாளில் நோட்டின் ஓரத்தில் இன்னொரு பத்தி இழுத்து, பணியில் இருக்கும்போது வீட்டு விஷயம் ஒன்று மனத்தில் எழும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டேன். ஒரு பகல் பணியில் 23 கோடுகள். சிலிண்டர் பதிய வேண்டும், எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறைதான் வரும், இன்று வந்தால் யார் பிடிப்பார்கள், மாவு தீர்ந்திருக்கும், இளையவனுக்குச் சனிக்கிழமை வண்ண உடை, மூத்தவளுக்கு அறிவியல் சார்ட், அத்தையின் ஊசிமருந்துப் புட்டியில் எத்தனை நாளுக்கு இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட அந்த நேரத்தில் நான் செய்யவில்லை, நினைத்தேன், அவ்வளவுதான். நோயாளியின் கையில் நரம்பு தேடும்போது இந்த நினைப்பு வரக்கூடாது. வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பத்தியைக் காட்டியபோது கணவர் சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் செஞ்சிருப்பேனே." அவர் பொய் சொல்லவில்லை. சொன்னவற்றை எல்லாம் அவர் செய்திருக்கிறார். நோயின் இருப்பிடம் அந்த வாக்கியத்தில்தான் இருந்தது என்பதை நான் கண்டுகொள்ளச் சில நாள்கள் ஆயின. சொல்வதற்கு முன்னால் நான் அதை நினைத்திருக்க வேண்டும். சொன்ன பிறகு நடந்ததா என்று பார்க்க வேண்டும். நடுவில் உள்ள செய்தல் மட்டும் அவருடையது.

2019-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதியரைத் தனித்தனியாகப் பேட்டிகண்டு எழுதிய ஆய்வு, இந்த நினைப்பு வேலையை நான்காகப் பிரிக்கிறது: தேவையை முன்கூட்டி உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் கூடியே இருந்தார்கள். முன்னுணர்வதும் கண்காணிப்பதும்தான் பெண்கள் பக்கம் மிகுதியாகச் சாய்ந்தன. அவர் பேசியது வேறு நாட்டுத் தம்பதியரிடம். இருந்தும் என் ஓரப்பத்தியின் கோடுகளை இந்த நான்கிலும் பிரித்துப் போட்டபோது, முடிவு என்ற தலைப்பின் கீழ் மிகச் சிலவே விழுந்தன.

இது எப்போது என்னிடம் வந்து சேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்த்தேன். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. மூத்தவளுக்கு ஆறு மாதமும் இளையவனுக்கு ஒன்பது மாதமும் எடுத்தேன். அந்த விடுப்பு இல்லாவிட்டால் தாய்ப்பால் கொடுத்திருக்க முடியாது. அதை ஒரு நாள்கூடக் குறைத்துப் பேசமாட்டேன். கணவருக்கு இரண்டு முறையும் அச்சகத்தில் மூன்று நாள் விடுப்புக் கிடைத்தது. தனியார் துறைத் தந்தைக்கு விடுப்புத் தந்தாக வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. நான் வீட்டிலேயே இருந்த அந்த மாதங்களில், தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து பால்காரர் கணக்கு வரை எல்லாம் என் தலையில் வந்து அமர்ந்தன. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவற்றை இறக்கி வைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

செய்த பராமரிப்பு

2025 ஜனவரியில் மூன்று மாற்றங்களைத் தொடங்கினோம். முதலாவது எளிது. குளிர்பதனப்பெட்டிக்கு மேலே ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, நேரம், இன்சுலின் அளவு, போட்டவர் கையெழுத்து. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அத்தை அந்த நோட்டைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுதிய பிறகுதான் கையை நீட்டுகிறார். தன் உடம்பில் நடப்பதைக் கேட்டு அறியும் உரிமை தனக்கு உண்டு என்று அவரிடம் நாங்கள் யாரும் அதுவரை சொன்னதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இரண்டாவதுதான் கடினமாக இருந்தது. தனித்தனி வேலைகளைப் பிரித்துக்கொள்ளாமல், துறைகளை முழுதாகக் கை மாற்றுவது என்று பேசினோம். பள்ளி முழுவதும் அவருடையது: நாட்குறிப்பு, கட்டணம், வண்ண உடை, சார்ட், பெற்றோர் கூட்டம் எல்லாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் எண்ணை நீக்கி அவர் எண்ணைச் சேர்த்தோம். சிலிண்டரும் தண்ணீரும் அவருக்கு. சமையல், அத்தையின் மருத்துவம், மளிகை எனக்கு. வார்டில் ஓவர் கொடுப்பதுபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். எந்த ஆசிரியர் எதைக் கேட்பார், இளையவன் எந்தப் பாடத்தில் அழுவான், காலணி எந்தக் கடையில் சரியான அளவில் கிடைக்கும் என்பதெல்லாம் ஏழு பக்கம் வந்தது. பதினொரு ஆண்டுகளாக அந்த ஏழு பக்கமும் எழுதப்படாமல் என்னிடம் இருந்தன.

முதல் மாதம் தோல்வி என்றே பதிவு செய்ய வேண்டும். அவர் சார்ட் வாங்க மறந்தார்; மூத்தவள் வகுப்பில் நின்றாள், வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதாள். முதல்நாள் இரவே அது எனக்கு நினைவில் இருந்தது. நினைவூட்டவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது அது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தாய் தெரிந்தே அப்படிச் செய்யலாமா என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் நினைவூட்டியிருந்தால் கண்காணிப்பு மறுபடி என்னிடம் வந்திருக்கும். மறுநாள் கணவர் அரைநாள் விடுப்புப் போட்டு, சார்ட் வாங்கி, தானே பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் பேசிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சார்ட் தவறவில்லை.

வீட்டுக்கு வெளியே உள்ளவர்கள் இந்த மாற்றத்தை ஏற்க இன்னும் நாளானது. பள்ளி அலுவலகத்தில் தந்தையின் எண்ணை முதல் எண்ணாகப் போடச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதன் பிறகும் அழைப்பு எனக்கே வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம் உண்டு. அம்மாவை அழைத்தால் வேலை நடக்கும் என்பது அவர்கள் அனுபவம்; அந்த அனுபவத்தை உருவாக்கியவர்களில் நானும் ஒருத்தி. "அப்பாவுக்குப் பேசுங்க சார், அவர்தான் பள்ளி விஷயம் பார்க்கிறார்" என்று சொல்லி வைக்கப் பழகினேன். முதல் சில முறை தொண்டை அடைத்தது.

என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். தண்ணீரை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, குடங்களை அவர் வரிசைப்படுத்தும் விதத்தை நான் திருத்திக்கொண்டே இருந்தேன். ஓவர் எடுத்த செவிலியரிடம் முந்தைய பணிநேரத்துச் செவிலியர் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தால் வார்டு எப்படி நடக்கும்? மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவர், "ஒண்ணு என்கிட்ட விடு, இல்லைன்னா நீயே பாத்துக்க" என்றார். அன்றிலிருந்து தண்ணீர் வரும் நேரத்தில் நான் பின்கட்டுப் பக்கம் போவதில்லை.

மூன்றாவது மாற்றம் எனக்கானது. அதை இரண்டாகச் செய்தோம். இரவுப் பணி முடிந்த நாள்களில் 9 முதல் 2 வரை அறைக்கதவு சாத்தியிருக்கும், என் கைபேசி அத்தையிடம் இருக்கும். மருத்துவமனை அழைத்தால் மட்டும் எழுப்புவார். தனக்கான நேரம் என்றால் பொழுதுபோக்கைச் சொல்வார்கள். பணிநேரம் மாறும் பெண்ணுக்குத் தூக்கம் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறது. டிசம்பர் நோட்டில் இரவுப் பணிக்குப் பிந்தைய என் பகல் தூக்கம் சராசரி இரண்டே கால் மணி. அந்த நிலையில்தான் நவம்பரில் ஊசியைக் கையில் எடுத்திருந்தேன்.

அடுத்தது, வார விடுப்பு நாள் மாலையில் தனியாகத் திருத்தங்கல் மலைக்கோயிலுக்குப் போவது. நின்ற நாராயணப் பெருமாள் சன்னதியில் கும்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பேன். முதலில் வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்தோம். வீட்டுக்குள் இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் துவைத்த துணி கண்ணில் படும், யாராவது ஏதாவது கேட்பார்கள், நானும் எழுந்துவிடுவேன். வாசலைத் தாண்டினால்தான் அது கிடைத்தது. கோயிலுக்குப் போகிறேன் என்பதால் உறவில் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு இடமாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

கண்ட மாற்றம்

2025 செப்டம்பரில், சீசன் முழுவேகம் பிடிக்கும் முன், மீண்டும் 14 நாள் எழுதினேன். வீட்டு வேலையில் என் சராசரி 225 நிமிடம், அவருடையது 95. சமையல் முழுதும் என்னிடமே இருப்பதால் என் எண் இதற்குக் கீழே இறங்கவில்லை. அதை மாற்றும் பேச்சு இரண்டு முறை தொடங்கி நின்றுவிட்டது. ஒரு முறை நிறுத்தியது நான்தான். ஓரப்பத்தியின் கோடுகள் ஒரு பகல் பணிக்கு 23-லிருந்து 8 அல்லது 9 என்று இறங்கின. எனக்கு உடம்பிலே தெரிந்த மாற்றம் இந்த இரண்டாம் எண்ணால் வந்தது. 45 நிமிடம் குறைந்ததை நான் அவ்வளவாக உணரவில்லை. இரவுப் பணிக்குப் பிந்தைய தூக்கம் நான்கரை மணியாக உயர்ந்தது. அத்தையின் சர்க்கரை அதன் பிறகு ஒருமுறைகூட 70-க்குக் கீழே போகவில்லை.

ஒரு வீட்டின் கணக்கை வைத்து எல்லா வீடுகளுக்கும் மருந்து எழுத முடியாது. எனக்கு நிரந்தர வேலை, மாதம் தவறாத சம்பளம், அடிக்காத கணவர், நோட்டை மடியில் வைத்துக்கொள்ளும் மாமியார். எங்கள் வார்டிலேயே ஒப்பந்தத்தில் பணிபுரியும் செவிலியர்கள் இருக்கிறார்கள். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். இதை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது, "நான் யாருக்குடீ ஓவர் கொடுப்பேன்?" என்றாள். அவளுடைய கேள்விக்குக் குடும்பத்துக்குள் பதில் கிடையாது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேர் அல்லது அதற்குமேல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. அவளைப் போன்றவர்களுக்கு ஓவர் எடுக்க வேண்டியவர்கள் வேலை கொடுத்தவர்களும் அரசும்தான். காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022-இல் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தபோது, காலை 7 மணிப் பணிக்கு ஓடும் எத்தனையோ தாய்மார்களின் தலையிலிருந்து ஒரு துறை முழுதாக இறங்கியது. அவள் பிள்ளைகளில் இளையவன் அப்படிப் பசியாறுகிறான். மூத்தவன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பதால் அவனுக்கு அவள் விடியற்காலையில் சமைத்தே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் 2025 அக்டோபரில் சீசன் முழுவேகம் பிடித்தது. சென்ற ஆண்டுகளில் என்றால் அவர் மெல்ல மெல்ல எல்லாவற்றிலிருந்தும் விலகியிருப்பார், நான் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருப்பேன், டிசம்பருக்குப் பிறகும் அது என்னிடமே தங்கியிருக்கும். இம்முறை தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு அவர் இன்சுலின் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: பள்ளியும் சிலிண்டரும் இன்று முதல் டிசம்பர் 31 வரை உன் பொறுப்பு, ஜனவரி 2 முதல் மீண்டும் என்னுடையது. கீழே மூத்தவளின் அரையாண்டுத் தேர்வு, இளையவனின் கண் பரிசோதனை, கட்ட வேண்டிய வேன் கட்டணம் என்று நான்கு வரிகள் இருந்தன. வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். ஜனவரி 2 அன்று நான் இரவுப் பணி முடிந்து வந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பியிருந்தார். நோட்டின் முன்பக்கத்தில் காலை 7.05, 20 யூனிட் என்றும், பின்பக்கத்தில் பள்ளி, சிலிண்டர் என்றும் எழுதி இரண்டிடத்திலும் கையெழுத்திட்டிருந்தார். அத்தை சாப்பிட்டு முடித்திருந்தார்.